காக்கா உட்கார என்எஃப்எஸ் சரியான கதை

என்எஃப்எஸ்ல "பெர்மிஷன் டினைடு" வந்தாலும் சரி, பழைய ஃபைலையே காட்டினாலும் சரி, நம்ம ஆளுங்ககிட்ட இருக்கறது மூணே மாத்திரைதான். சிஹெச்மோட் 777, நோஏசி, ரீபூட். தலைவலிக்கும் அதே, வயித்துவலிக்கும் அதே. யாராவது திட்டணும்ல, அதான் இந்தப் பதிவு.

முதல்ல 777. கெர்பராஸ் போடாத சாதா என்எஃப்எஸ்ல பாஸ்வேர்டு கீஸ்வேர்டு எதுவும் கிடையாது. க்ளையன்ட் "நான் யுஐடி 1001, என் குரூப்பெல்லாம் இது"ன்னு நம்பரைச் சொல்லும், சர்வர் அப்படியே நம்பும். ஒரே பேருக்கு ரெண்டு மெஷின்ல ரெண்டு நம்பர் இருந்தா சர்வருக்கு நீங்க வேற ஆள். ரூட்டா போனா ரூட் ஸ்குவாஷ் உங்களை நோபடி ஆக்கிடும். கூடுதல் குரூப் 16க்கு மேல அந்தப் பட்டியல்ல இடமில்லை. 17வது குரூப்லதான் உங்க உரிமை இருக்குன்னா, சத்தமில்லாம காலி. இதுல எதையுமே 777 சரி பண்ணாது. ஆள் யாருன்னு தெரியலைங்கறதுக்காக வீட்டுக் கதவையே கழட்டி வெக்கிற வேலை அது. அப்புறம் எழுதற ஃபைலெல்லாம் தப்பான ஓனர் பேர்லதான் விழும்.

அடுத்து ரீபூட். 16 குரூப் தொல்லை வேணாம்னு லினக்ஸ் சர்வர்ல மேனேஜ்-ஜிஐடிஸ் போட்டிருப்பாங்க. அப்ப குரூப் விவரத்தை சர்வரே தேடிக்கும், தேடின பதிலை வழக்கமா 30 நிமிஷம் ஞாபகத்துல வெச்சுக்கும். புதுசா குரூப்ல சேர்த்த ஆளுக்கு அதுவரைக்கும் கதவு திறக்காது. நம்மாளு க்ளையன்டை ரெண்டு தடவை ரீபூட் பண்ணுவான், டீ குடிச்சிட்டு வருவான், அதுக்குள்ள அரைமணி ஓடியிருக்கும், வேலை செய்யும். "பார்த்தியா, ரீபூட்டுல சரியாயிடுச்சு!" காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை. சர்வர்ல எக்ஸ்போர்ட்எஃப்எஸ் மைனஸ் எஃப் அடிச்சிருந்தா அந்தப் பழைய ஞாபகம் அப்பவே அழிஞ்சிருக்கும்.

மூணாவது நோஏசி. லினக்ஸ் க்ளையன்ட் ஃபைல் விவரத்தை 3லேர்ந்து 60 செகண்டும், டைரக்டரி விவரத்தை 30லேர்ந்து 60 செகண்டும் வெச்சிருக்கும். இது பக் இல்லைங்க, டிசைன். ஃபைலை மூடித் திரும்பத் திறந்தா சர்வர்கிட்ட கேட்டுட்டுதான் தரும். நோஏசி போட்டா எல்லாத்துக்கும் சர்வர்கிட்ட ஓடணும், ஒவ்வொரு ரைட்டும் சர்வர் பதிலுக்குக் காத்துக் கிடக்கணும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற மாதிரி. "இன்னொரு மெஷின்ல உருவாக்கின ஃபைல் இங்க தெரியலை"ங்கறதுதான் பிரச்சினைன்னா லுக்கப்கேஷ்=பாசிட்டிவ் போதும்.

"டேமேஜர் தலைமேல நிக்கறான், இப்ப போய் ஆராய்ச்சியா?"ன்னு கேப்பீங்க. ஆராய்ச்சியே வேணாம் சாமி, ரெண்டே கேள்வி. சர்வர் என்னை யாருன்னு நினைக்குது? இந்தப் பதில் எத்தனை நிமிஷம் பழசு? முதல் கேள்விக்கு 'ஐடி' கமாண்டை ரெண்டு பக்கமும் அடிச்சு ஒப்பிடுங்க. ரெண்டாவதுக்கு மவுண்ட் ஆப்ஷனையும் கடிகாரத்தையும் பாருங்க. அவசரத்துல போட்ட 777ஐ மறுநாள் வந்து எடுத்த மகானை நான் இன்னும் பார்க்கலை. நீங்க பார்த்திருந்தா சொல்லுங்க, கால்ல விழணும்.