வெறி இருந்தால் போதுமா?

"வெறி இருந்தா போதும், எவனும் இந்தியாவுக்கு ஆடலாம்." பள்ளி விளையாட்டு விழாக்களில் சிறப்பு விருந்தினர்கள் சலிக்காமல் விடும் வசனம் இது. உடனே தன்ராஜ் பிள்ளையை இழுத்துவிடுவார்கள். புனே அருகே கட்கியில் உடைந்த மட்டையைக் கட்டி ஆடிய ஏழைத் தமிழ்ப் பையன், 4 ஒலிம்பிக் ஆடவில்லையா?

ஆடினார். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். கட்கி, ஹாக்கி ஊறிய ஊர். அண்ணன் ரமேஷ் ஏற்கெனவே மும்பையில் ஆடிக்கொண்டிருந்தார். தம்பியையும் அங்கே அழைத்துக்கொண்டார். வெறி தன்ராஜுடையதுதான். அதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது, அவ்வளவே. 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் 32 ஆண்டுக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்த அந்தக் கேப்டனையே அடுத்து அணியிலிருந்து தூக்கினார்கள்! அப்போது எங்கே போனார்கள் இந்த ஊக்கப் பேச்சாளர்கள்?

2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற அணியில் இரண்டு தமிழர்கள். மாரீஸ்வரனுக்குச் சொந்த ஊரே கோவில்பட்டி. பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்ட கார்த்தி, அரியலூரிலிருந்து கோவில்பட்டி விடுதிக்கு வந்து பயின்றவர். இருவருக்கும் அங்கே பயிற்சியாளர் இருந்தார், ஆடத் தரை இருந்தது.

அதே தூத்துக்குடி மாவட்டம்தான் ஆலந்தலையும். வலை இழுத்து வளரும் பையனுக்கு வெறியைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். கடற்கரை மணலில் ஹாக்கிப் பந்து உருளாது. அவன் கோவில்பட்டி போய்வர பஸ் காசு யார் தருவார்கள்? மைக்கைப் பிடிப்பவர் முதலில் அதைச் சொல்லட்டும்.