கூடாரமா, ஓட்டலா?

"மலைக்குப் போறோம். எத்தனை நாள் கூடாரம், எத்தனை நாள் பெரிய ஓட்டல்?" என்று சிநேகிதிகள் கேட்கிறார்கள். பர்ஸை அப்புறம் பாருங்க, முதலில் உயரத்தைப் பாருங்க!

நாங்கள் மணாலியிலிருந்து காரில் லே போனபோது, முதல் ராத்திரியே சர்ச்சுவில் கூடாரம் என்று எழுதிக் கொடுத்தார் டிராவல்ஸ்காரர். சர்ச்சு சுமார் 14,000 அடி! 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் ஒரே பகலில் போய்விடலாம்தான். உடம்பு அத்தனை வேகமாகப் பழகுமா? தலைவலி, குமட்டல், தூக்கமின்மை... கூடவே 65 வயது மாமியார் வேறு. முடியவே முடியாது என்றுவிட்டேன்.

பதிலாக, 10,500 அடியிலுள்ள ஜிஸ்பாவில், பாகா ஆற்றங்கரையில் இரண்டு ராத்திரி கூடாரம். குளிர்தான், ஆனால் அந்த ஆற்றுச் சத்தம் இருக்கே, அடடா! மாமியார் வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கவே இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டு, பாராலாச்சா கணவாய், காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், 17,480 அடி தங்லாங் லா எல்லாம் தாண்டி, இருட்டும்போது லே. பகலில் எவ்வளவு ஏறினாலும், படுக்கிற இடம் தாழ்வாக இருக்கணும். லே 11,500 அடிதான். காசைக் கொட்டி நல்ல ஓட்டல் எடுத்தது அங்கேதான். இரண்டு நாள் முழு ஓய்வு.

இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீங்க. வழியில் தலைவலி அதிகமாகி மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கிடணும்.