தலையில் பட்ட அடியும் இரத்தத்தின் சாட்சியமும்

மூளை அடிபட்டால் ஜி.எஃப்.ஏ.பி., யூ.சி.எச்.-எல்1 என்னும் புரதங்கள் அதன் கலங்களிலிருந்து இரத்தத்தில் கசிகின்றன. அவற்றை அளக்கும் சோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 பெப்ரவரியில் அனுமதி வழங்கியது. அடிபட்ட 12 மணி நேரத்துள் இரத்தம் எடுக்கப்படவேண்டும்; 2024இல் அனுமதிபெற்ற சிறு கருவிக்கு 24 மணி. ஸ்கான் படம் தேவையா என்பதை அறியவே இவை உதவும். ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம். நமக்கு இது வியப்பன்று.

நமது கவலை வேறு. தடுப்புமுகாமில் துவக்குப்பிடியால் தலையில் அடிவாங்கிய நம்மவர், ஆண்டுகள் கழித்துப் புகலிட விசாரணையில் திகதிகளை மாற்றிச் சொல்கிறார். பொய் என்று எழுதிக்கொள்கிறார் அதிகாரி. இச்சோதனைக்குரிய நேரம் என்றோ கடந்துவிட்டது. இரத்தத்தில் தடயமில்லை என்பது அடியே விழவில்லை என்பதற்குச் சான்றாகுமா? தலையடியைச் சொல்ல நம்மவர் வெட்கப்படுகின்றனர். விசாரணைக்கு முன்னரே மருத்துவரிடம் கூறி, நினைவாற்றல் பரிசோதனைக்குக் கடிதம் பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.