ஓரிக்கு சிலை இருக்கு... மரண ரெயில் கூலிகளுக்கு?

கொல்லிமலை செம்மேட்டில் ஆடிதோறும் வல்வில் ஓரி சிலைக்கு மாலை விழுகிறது. போரில் மாண்ட மன்னனை 2 ஆயிரம் வருஷம் ஆகியும் ஜனங்க மறக்கலை. நல்ல விஷயம்தான்.

ஆனால் 2-ம் உலகப்போரில் செத்த நம்ம கூலி ஜனங்க? அன்றைய சேலம் ஜில்லாவில் இருந்தும் (நாமக்கல் 1997 வரை அதில்தான் இருந்தது) மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு கப்பலேறினார்கள். அங்கிருந்த தமிழர்களை ஜப்பான் ராணுவம் 1942-43-ல் சயாம்-பர்மா ரெயில் பாதை போட இழுத்துப் போனது. 415 கிலோ மீட்டர். காலரா, மலேரியா, பட்டினி. பல்லாயிரம் பேர் காட்டிலேயே முடிந்து போனார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்கார போர்க்கைதிகள் சுமார் 7 ஆயிரம் பேருக்கு பெயர் பொறித்த கல்லறை வரிசை இருக்கிறது. அவங்க பட்டதும் கொடுமைதான், இல்லேன்னு சொல்லலை. ராணுவத்தில் ஆள் பட்டியல் இருந்தது. கூலிக்கு ஏது பட்டியல்? குழியில் தள்ளி மூடியதோடு சரி. தமிழர்களுக்கு அங்கே நடுகல் வைத்ததே 2023 மே மாதம்தான். 80 வருஷம்!

'மலாயா போனார், திரும்பலை' என்ற பேச்சு உள்ள வீடுகளில் பெரியவங்க இருக்கும்போதே அந்தப் பெயரை எழுதி வாங்கினால்தான் உண்டு. ஆடி விழா மேடையில் அதை ஒரு தரம் வாசிக்கலாமே?