விடியுமுன் அடிக்கும் மணி

பினாங்கின் பாயான் பாரு அடுக்குமாடி வீடுகளில் காலை ஐந்தரைக்கே கைப்பேசிகள் அலறத் தொடங்கிவிடும். பிள்ளை பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்குப் போக வேண்டும். எழ முடியாத பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டுகிறோம். இன்னும் உரக்கக் கத்தும் அலாரத்தைத் தேடுகிறோம். முதலில் கடிகாரத்தையே சந்தேகிக்க வேண்டும் என்பேன். பினாங்கு ஏறத்தாழ 100.3 பாகைக் கிழக்கில் இருக்கிறது. சூரியக் கணக்கில் நாம் கிரீன்விச்சைவிட 6 மணி 41 நிமிடம்தான் முந்தியிருக்க வேண்டும். வைத்திருப்பதோ 8 மணி. 1933இல் 7.20, 1941இல் 7.30 என நகர்ந்த நேரம், சபா, சரவாக்குடன் ஒன்றாவதற்காக 1982 ஜனவரி 1 முதல் மேலும் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. நம் ஐந்தரை, சூரியனுக்கு நான்கேகால்கூட ஆகாத நேரம். பிப்ரவரியில் பொழுது விடியவே ஏழரை தாண்டிவிடும்.

உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த உட்கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது முக்கியமாக வெளிச்சம்தான், சத்தம் அல்ல. பதின்ம வயதில் அது இயல்பாகவே பின்தங்கும்; பத்து மணிக்குப் படு என்றாலும் தூக்கம் வராது. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014இல் பரிந்துரைத்தது. 1956இல் சந்தைக்கு வந்த ஸ்னூஸ் பொத்தானும் இதற்கு மருந்தாகாது. தூக்கத்தைத் துண்டு போட்டுத் தருகிறது, அவ்வளவுதான்.

ரப்பர் தோட்டத்தில் நம் முன்னோர் இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நிற்கவில்லையா என்று கேட்பார்கள். நின்றார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால் அந்த வேலைக்கு விடியற்காலை தேவைப்பட்டது. கணிதப் பாடத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. தவிர, அவர்கள் படுத்த நேரத்தில் நம் வட்டாரத்து மாமாக் கடைகளில் இரண்டாவது தே தாரிக்கே இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். வலுவான மறுப்பு வேறொன்று: பள்ளி தாமதமானால், ஏழு மணி ஷிப்டுக்குப் போகும் பெற்றோர் பிள்ளையை எங்கே விடுவது? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கடிகாரத்தைத் திருப்பி வைக்கவும் நான் சொல்லவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் இருப்பது நல்லதே. பள்ளி வாசல் இப்போதுபோலவே திறக்கட்டும், முதல் பாடத்தை மட்டும் எட்டு மணிக்கு மேல் வைக்கலாம். நடுவிலுள்ள நேரம் பசியாறவும் விளையாடவும் போகட்டும். மேற்பார்வைக்கு ஆளும் அதற்குச் சம்பளமும் வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை, ஷிப்டு நேரத்தை வகுக்கும் தொழிற்சாலைகளிடம் கேட்பதில் தவறில்லை. அதுவரை, கைப்பேசியை இரவில் கூடத்தில் வைத்துவிட்டு, மணியடித்ததும் அறை விளக்கைப் போடுவது, ஒலியைக் கூட்டுவதைவிடப் பயன் தரும்.