ஆணி சரி, கை தப்பு

ரொம்ப நாளா மனசுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கிற விஷயம், இன்னிக்கு கொட்டித் தீர்த்துடறேன். எவனோ ரோமானியப் படைவீரன் வேஷம் கட்டினா உனக்கென்னடா, வேற வேலை இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு, திங்கட்கிழமை ரிலீஸ். அதை ஓரமா வச்சுட்டுத்தான் இதை எழுதறேன்.

ஆன்சைட்டுக்காக வட இங்கிலாந்துல இருந்தப்போ நடந்தது. பக்கத்துலயே ஹாட்ரியன் சுவர். கி.பி. 122-ல் கட்ட ஆரம்பிச்சது, நீளம் சுமார் 117 கிலோமீட்டர். கோடை வந்தா அந்தப் பக்கம் ரோமானியப் படை மாதிரி உடுத்திக்கிட்டு அணிவகுத்துக் காட்டுற குழுக்கள் வரும். ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனோம். எங்க டீம்ல இருந்த ஜெர்மன்கார அம்மா ஒருத்தர் தன்னோட 7 வயசுப் பையனையும் கூட்டிட்டு வந்திருந்தாங்க.

குழு பேரு வேண்டாம். ஆனா கவசம் இருக்கே, அட்டகாசம்! நிஜ இரும்புப் பட்டை, பித்தளைக் கீல், தோல்வார். எண்பது பேருக்குத் தலைவனான செஞ்சூரியனுக்கு தலைக்கவசக் கொண்டை குறுக்குவாட்டுல இருக்கணும், இருந்தது. ரோம் நகரத்துல கொலோசியம் வாசல்ல பிளாஸ்டிக் கவசம் மாட்டிக்கிட்டு போட்டோவுக்குக் காசு கேட்கிற கோஷ்டியோட இவங்களை ஒப்பிடவே முடியாது.

அப்புறம்தான் வந்தது வினை. தலைவர் பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு "ரோமானிய சல்யூட்" சொல்லிக் கொடுத்தார். வலது கையை விறைப்பா முன்னாடி நீட்டணும், உள்ளங்கை கீழே பார்க்கணும். முப்பது நாப்பது பிஞ்சுக் கைங்க ஒண்ணா மேலே போச்சு. எங்க டீம் அம்மா ரெண்டே எட்டுல ஓடிப்போய் பையன் கையைப் பிடிச்சு இறக்கினாங்க. முகம் வெளிறிப் போச்சு. அவங்க நாட்டுல பொது இடத்துல அந்தக் கையைத் தூக்கினா கேஸ் ஆயிடும்.

நிகழ்ச்சி முடிஞ்சதும் தலைவர்கிட்ட போய்க் கேட்டேன். "எல்லாப் படத்துலயும் இப்படித்தானே காட்டுறாங்க"ன்னார். பக்கத்துல நின்ன இன்னொருத்தர், "பசங்க சந்தோஷத்துக்குத்தானே, விடுங்க"ன்னார்.

விட முடியலை சார்.

ரோமப் படைவீரன் இப்படி சல்யூட் அடிச்சான்னு காட்டுற ஒரு சிற்பமோ ஒரு எழுத்தோ கிடையாது. கூட்டத்தைப் பார்த்துப் பேசற பேரரசர்கள் கையை உயர்த்தின மாதிரி சிலைங்க இருக்கு, அது வேற. இந்த விறைத்த கை பிரபலமானது 1784-ல் டாவிட்ங்கிற பிரெஞ்சு ஓவியர் வரைஞ்ச 'ஹொரேஷியர்களின் சபதம்' படத்துக்கு அப்புறம்தான். அங்கிருந்து நாடகம், நாடகத்துல இருந்து சினிமா. 1914-ல் வந்த 'கபிரியா'ங்கிற இத்தாலிய மௌனப் படத்துல பார்க்கலாம். அதுக்கப்புறம் முசோலினி ஆளுங்க இது எங்க ரோமானியப் பாட்டன் சொத்துன்னு எடுத்துக்கிட்டாங்க. அவங்களைப் பார்த்து ஹிட்லர் ஆளுங்க. ஆக, அந்தப் பிள்ளைங்க அன்னிக்கு ரோமைக் கத்துக்கலை. முசோலினி ரோமைப் பத்தி சொன்ன பொய்யைக் கத்துக்கிட்டாங்க, அதுவும் நிஜ இரும்புக் கவசம் போட்ட ஆள்கிட்ட! பிளாஸ்டிக் ஆளு சொல்லியிருந்தா ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான். இவங்க கவசம் சரியா இருந்ததாலதான் பொய்யும் உண்மை மாதிரி நின்னுச்சு.

நான் ஒண்ணும் ஈவிரக்கமில்லாத ஆசாமி இல்லை. வீரனுக்குத் தொப்பை இருக்கா? இருக்கட்டும். மூக்குக்கண்ணாடியா? போடட்டும், தடுக்கி விழுந்தா யார் பார்க்கிறது. உடுப்பு சிவப்பா வெள்ளையான்னு ஆராய்ச்சியாளர்களே அடிச்சுக்கறாங்க, அதையும் விட்டுடலாம்.

வேஷம் கட்டுறதே வெட்டி வேலைன்னும் சொல்லலை. 1964-ல் கார்பிரிட்ஜ்ல ஒரு பெட்டி நிறைய இந்தப் பட்டைக் கவசத் துண்டுகள் கிடைச்சது. அதுக்கப்புறம்தான் அது எப்படிக் கோர்க்கப்பட்டதுன்னே உருப்படியாத் தெரிஞ்சது. அதைச் செஞ்சு, மாட்டி, நடந்து பார்த்தவங்க பல பேர் இந்த மாதிரி ஆர்வலர்கள். 1985-ல் யுங்கல்மான்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர் சின்னதா ஒரு குழுவோட, முழு மூட்டையும் சுமந்துக்கிட்டு, வெரோனாவுல இருந்து ஆல்ப்ஸ் தாண்டி ஆக்ஸ்பர்க் வரைக்கும் நடந்தார். எங்க பாஷையில சொன்னா, அது டெஸ்டிங். நான் பார்த்தது வெறும் டெமோ. கிளையண்ட் கை தட்டினா போதும், உள்ளே என்ன ஓடினா என்ன!

இன்னொரு வயித்தெரிச்சல். அன்னிக்கு வந்த இருபது பேரும் ரோமக் குடிமக்களோட லெஜியன் வீரர்கள். சுவரைக் கட்டினது லெஜியன்கள்தான், சரி. காவல் காத்தது? துணைப்படை. இன்னிக்கு பெல்ஜியம், நெதர்லாந்துன்னு சொல்ற பகுதியில இருந்து வந்தவங்க, சிரியாவுல இருந்து வந்த வில்லாளிங்க, டைகிரிஸ் பேரைத் தாங்கின படகுக்காரங்க. சவுத் ஷீல்ட்ஸ்ல ஒரு கல்லறைக்கல் இருக்கு. சிரியாவோட பல்மைரா ஊர்க்காரர் பராத்தேஸ், தன் மனைவி ரெஜினாவுக்கு வச்சது. லத்தீனுக்குக் கீழே தன் சொந்த எழுத்துல ஒரு வரி. அந்த மண்ணுல நின்னுக்கிட்டு, ஒரே முகம், ஒரே கவசம், ஒரே விறைப்புன்னு காட்டுறது பொய்யில்லாம வேற என்ன? புத்தகத்துல "இருக்கலாம்"னு எழுத முடியும். தலைக்கவசத்துல எங்கே எழுதறது?

இத்தனைக்கும் நிஜத்துலயே சுவாரசியத்துக்குப் பஞ்சமில்லை. அதே சுவருக்குப் பக்கத்துல விண்டோலாண்டாவுல, 1973-ல் இருந்து மெல்லிய மரத்தகட்டுக் கடிதங்கள் கிடைச்சுக்கிட்டு வருது. ஒண்ணுல யாருக்கோ காலுறையும் ரெண்டு ஜோடி செருப்பும் ரெண்டு ஜட்டியும் அனுப்பியிருக்காங்க. இன்னொண்ணு படைக் கணக்கு: மொத்தம் 752 பேர், அதுல 456 பேர் வெளியூர்ல. முகாம்ல இருந்த 296 பேர்ல 15 பேர் நோயாளி, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்வலி. வருகைப் பதிவேடு மக்கா! அதைப் படிச்சுக் காட்டி, பத்து பசங்களைக் கண்ணைக் கசக்கச் சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க.

இதையெல்லாம் பொறுமையா அந்தக் குழுவுக்கு மெயிலா எழுதினேன். போற போக்குல, ஒரு கீல் கொஞ்சம் பெருசோன்னு ஒரு சந்தேகத்தையும் சேர்த்திருந்தேன். நாலு நாள்ல பதில் வந்தது. கீல் அளவு ஏன் சரின்னு மூணு பத்தி, கூடவே ரெண்டு படம். சல்யூட் பத்தி ஒரு எழுத்து இல்லை.

கீலை எடுத்துட்டு, சல்யூட்டை மட்டும் வச்சு நேத்து ராத்திரி திரும்ப அனுப்பியிருக்கேன்.