மாதச் சம்பளமா? மன நிறைவா?

பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கிறது ஒரு சாலை. 200 அடிச் சாலை என்று அதற்குப் பெயர். அந்தச் சாலையில் உள்ள ஊர்களில் ஒன்று கீழ்க்கட்டளை.

ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இது. இன்று எங்கு பார்த்தாலும் அடுக்கு மாடி வீடுகள். பொழுது விடிந்தால் இந்த ஊர் வாலிபர்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே புறப்படுகிறார்கள். துரைப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே கை நிறையச் சம்பளம் கிடைக்கிறது.

கை நிறைகிறது, மனம் நிறையவில்லை என்று அவர்களில் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவருக்குப் பள்ளிக்கூட வாத்தியார் ஆக வேண்டும் என்று ஆசை. இன்னொருவருக்குச் சொந்த ஊரில் பயிர் வைக்க ஆசை. பாட்டு, படம், எழுத்து என்று ஏங்குகிறவர்களும் உண்டு. "இந்த வேலையை விட்டுவிடலாமா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.

கேட்டவுடன் வீட்டில் இடி விழுந்தது போல் ஆகிவிடுகிறது. "உனக்கென்ன பைத்தியமா? இந்த வேலைக்கு ஆயிரம் பேர் காத்துக் கிடக்கிறார்கள்" என்கிறார் தகப்பனார். "வீட்டுக் கடனை யார் கட்டுவது? தங்கை கலியாணம் என்ன ஆவது?" என்று கண் கலங்குகிறார் தாயார். உத்தியோகம் புருஷ லட்சணம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை ஒன்றைச் சொல்கிறான். பெற்றோர் மற்றொன்றைச் சொல்கிறார்கள்.

இதில் யார் சொல்வது சரி? பதில் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதே 200 அடிச் சாலையில் மேற்கே போனால் போதும்.

பல்லாவரத்துப் புலவர்

வேதாசலம் என்பவர் 1876-ம் ஆண்டு நாகப்பட்டினத்தில் பிறந்தவர். 1898-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் புலவருக்கு இதைவிடக் கௌரவமான உத்தியோகம் கிடைப்பது அரிது.

13 ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார். பல்கலைக்கழகப் படிப்பில் தமிழுக்கு இருந்த இடம் குறைந்து வந்த காலம் அது. 1911-ல் கல்லூரியை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது சுமார் 35. மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். வேறு உத்தியோகம் தேடி அலையவில்லை. பல்லாவரத்தில் குடியேறினார். துறவுக் கோலம் பூண்டார். அவர்தான் மறைமலை அடிகள்.

கல்லூரியை விட்ட பிறகு அவர் ஓய்ந்து உட்கார்ந்தாரா? இல்லை. அதற்குப் பிறகுதான் வேலை இரட்டிப்பாயிற்று. 1902-லேயே தொடங்கிய 'ஞானசாகரம்' பத்திரிகையை நடத்தினார். இலங்கை வரை சென்று சொற்பொழிவு ஆற்றினார். 1916-ல் தனித் தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். 1950-ல் காலமாகும் வரை பல்லாவரமே அவர் இருப்பிடம்.

அவர் புத்தகம் புத்தகமாகச் சேர்த்து வைத்தவர். அவை 1958-ல் சென்னையில் அவர் பெயராலேயே ஏற்பட்ட நூல் நிலையத்துக்கு அடிப்படை ஆயின. அவர் விட்டு வந்த கல்லூரியும் 1937-ல் தாம்பரத்துக்கே இடம் மாறி வந்துவிட்டது!

வேலையை விடு என்று அடிகள் கதை சொல்வதாக எண்ணக் கூடாது. விட்ட நாளில் அவர் கையில் வேறொரு வேலை தயாராக இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக நடந்து வந்த வேலை அது. சம்பளம் நின்றது, உழைப்பு நிற்கவில்லை. இதுதான் அந்தக் கதையின் சாரம்.

பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரி

அடையாறில் இன்னொரு கதை இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தில் பிறந்ததுதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. 1954-ல் அது திறக்கப்பட்டபோது 12 படுக்கைகள்தான் இருந்தன. புற்றுநோய் வந்தால் பிழைப்பே இல்லை என்று ஜனங்கள் நம்பிய காலம். அந்த நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு.

அப்போது வி.சாந்தா என்ற இளம் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். எம்.டி. படித்து முடித்தவர். சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறிச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. நிரந்தர உத்தியோகம், பதவி உயர்வு, கடைசியில் பென்ஷன். எல்லாம் காத்திருந்தன. 1955-ல் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடையாறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வீட்டிலும் வெளியிலும் வியக்காதவர் இல்லை.

அந்த வளாகத்திலேயே குடியிருந்தார். 65 ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளோடு வாழ்ந்தார். 12 படுக்கை ஆஸ்பத்திரி நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்டதாக வளர்ந்தது. கையில் காசில்லாத ஏழைகளும் நம்பி வரும் இடமாயிற்று. 2005-ல் மகசேசே விருதும், 2016-ல் பத்ம விபூஷண் பட்டமும் அவரைத் தேடி வந்தன. 2021-ம் ஆண்டு ஜனவரியில், 93-வது வயதில் காலமானார்.

விருது வந்தது பிற்பாடு. 1955-ல் யார் அதை எதிர்பார்த்திருக்க முடியும்? அன்று அவர் கண் முன் இருந்தது சிறிய ஆஸ்பத்திரியும் பெரிய நோயும்தான். சுலபமானதை விட்டுக் கடினமானதை அவர் எடுத்துக்கொண்டார். மன நிறைவு தேடுகிறேன் என்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வேலை கசக்கிறது, அதனால் வேறு எங்காவது ஓடினால் போதும் என்பது வேறு. இன்னொரு வேலை கூப்பிடுகிறது, அது எவ்வளவு கஷ்டமானாலும் செய்வேன் என்பது வேறு. முதலாவதற்குத் தேவை பத்து நாள் லீவு. இரண்டாவதற்குத்தான் ராஜிநாமா.

முப்பது ரூபாய் குமாஸ்தா

எல்லாரும் வேலையை விட்டுத்தான் சாதிக்க வேண்டுமா? அதற்கும் சென்னையிலேயே பதில் இருக்கிறது.

கணித மேதை ராமானுஜத்துக்குக் கணக்கைத் தவிர வேறு எதிலும் நாட்டம் இல்லை. மற்றப் பாடங்களில் தோற்றார். கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. வேலை இல்லாமல் வறுமையில் வாடினார். அவரே வேலை தேடி அலைந்தார். 1912-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

குமாஸ்தா வேலை அவருடைய கணிதத்தைக் கெடுக்கவில்லை. சோறு போட்டுக் காப்பாற்றியது. வயிற்றுக் கவலை குறைந்த அந்தக் காலத்தில்தான், 1913-ம் ஆண்டு ஜனவரியில், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். பிறகு பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அப்போதுதான் அவர் குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்தார். 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

பிழைப்புக்கு ஒரு வேலை. மனசுக்கு ஒரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் சில காலம் சேர்த்துச் சுமப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இன்னொருவர் கதை இதற்கும் மேலே வேடிக்கையானது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். எதற்காக? சம்பளம் அதிகம் என்பதற்காக! போன சில நாட்களிலேயே தனிமை பொறுக்க முடியவில்லை. பழைய வேலையையே கொடுங்கள் என்று திரும்பி வந்து கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வா, பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள்.

போனார். அங்கே உள்ள நூலகங்களில் குழந்தைகளும் தொழிலாளிகளும் வந்து படிப்பதைக் கண்டார். நம் ஜனங்களுக்கும் இது கிடைக்க வேண்டாமா என்ற எண்ணம் பிறந்தது. பிறகு அவருக்குப் பழைய வேலை நினைவே வரவில்லை. 1931-ல் நூலகத் துறையின் ஐந்து விதிகளை வகுத்து நூல் எழுதினார். அவருடைய முயற்சியால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று கீழ்க்கட்டளையில் வீட்டு வரி கட்டுகிறவர், அதோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறார். அதற்கு வழி வகுத்தது அந்தச் சட்டம்தான்.

சம்பளத்துக்காகச் சேர்ந்த வேலையிலேயே ஒருவர் தம் வாழ்க்கையின் பொருளைக் கண்டார். வேலை மாறவில்லை, அதைப் பார்த்த கண் மாறியது. ஆகவே ராஜிநாமாக் கடிதம் எழுதுமுன், இருக்கும் இடத்திலேயே தோண்டிப் பார்க்காத மூலை ஏதாவது உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அளந்து போடு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மன நிறைவுக்காகப் பணத்தை விடுகிறவரும் அளந்துதான் விட வேண்டும்.

வேலையை விட நினைப்பவர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளட்டும். கட்ட வேண்டிய கடன் எவ்வளவு என்று முதலில் எழுதட்டும். வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், அம்மாவின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் எழுதட்டும். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓடும்? புது வேலையில் எப்போது காசு வரும்? அதுவரை வீட்டில் யார் எதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கணக்கைக் குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏனென்றால், ஒருவர் மன நிறைவுக்கு இன்னொருவர் விலை கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். கணவன் கனவைத் துரத்துகிறான். மனைவி நகையை அடகு வைக்கிறாள். அவள் சம்மதித்துக் கொடுத்தால் அது தியாகம். கேட்காமல் எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கலியாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் எத்தனையோ பெண்கள் நல்ல உத்தியோகத்தை விடுகிறார்கள். "அவளுக்குப் பணம் பெரிதில்லை, குடும்பம்தான் பெரிது" என்று ஊர் பாராட்டுகிறது. அவளாக விரும்பி விட்டாளா, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விட்டாளா என்று யாராவது கேட்டதுண்டா? வேறு வழி இல்லாமல் விட்டதற்கு மன நிறைவு என்று பெயர் சூட்டுவது நியாயம் ஆகாது. தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால்தான் அது தேர்வு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெற்றோரின் பயம் பொய்யல்ல. அவர்களில் பலர் பற்றாக்குறையை அனுபவித்தவர்கள். மாதம் முதல் தேதி சம்பளம் வருவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது, அது வராத வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தைக் கேலி செய்கிற பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள்.

ஆனால் பெற்றோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையின் சம்பளத்தை அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அவன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்களா? இரவு சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறான்? கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தான்? மாதச் சம்பளத்தைக் கேட்கிற வாய், ஒரு நாளாவது இதையும் கேட்கட்டும்.

பணம் வேண்டும். அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தன் வீட்டுக்கு எது போதும் என்று கணக்கிட்டுத் தெரிந்துகொண்டவர் பாக்கியசாலி. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு, மீதி நாட்களைப் பணத்துக்கே கொடுப்பதா, பிடித்த காரியத்துக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் சுதந்தரம் அவருக்கு உண்டு.

அந்த முடிவை எடுத்தவரைப் பார்த்து ஊர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும். வீட்டில் உள்ளவர்கள் சிரிக்காமல் இருந்தால் அது போதும்.